சாய்ஸில் விட்ட பாடம்

சுடப்பட்டவர் ஆஸ்திரிய இளவரசர். ஆஸ்திரேலிய இளவரசர் இல்லை. ஆஸ்திரியா, ஆஸ்திரியா, ஆஸ்திரியா என்று பத்துத் தடவை சொல்லியாகிவிட்டது, பதினோராவது தடவை வாயைத் திறந்தால் ஆஸ்திரேலியாதான் வந்து நிற்கிறது. அக்கா அப்படித்தான் வாசித்தாள். முதல் உலகப் போர் பாடம் முழுக்க, ஓரிடம் விடாமல் ஆஸ்திரேலியா. எனக்குக் கண் தெரியாது, பிறந்ததிலிருந்தே தெரியாது, அக்கா வாசித்துப் போனில் பதிந்து அனுப்புவதைக் கேட்டுத்தான் படித்தேன், அதனால் அவளுக்கு ஆஸ்திரேலியா என்றால் எனக்கும் ஆஸ்திரேலியா. காலாண்டுப் பரீட்சையில் நான் அப்படியே சொல்ல, எனக்காக எழுத வந்த சார் அப்படியே எழுத, திருத்திய டீச்சர் வகுப்பில் வைத்துக் கேட்டார்கள், "ஏன் இசக்கி, இளவரசர் கங்காரு மேல ஏறி வந்தாரா?" என்று. எல்லாரும் சிரித்தார்கள், பக்கத்தில் ஜெபக்கனி பெஞ்சைத் தட்டித் தட்டிச் சிரித்தாள். லீவுக்கு வீட்டுக்கு வந்ததும் அக்காவோடு சண்டை போட்டேன். "ரெண்டும் ஒண்ணு மாதிரிதானளா இருக்கு, நடுவுல ரெண்டெழுத்து மாறிப்போச்சு, அதுக்கு என்ன இப்பம்," என்றாள். பேச்சித்தாய் என்று பெயர் வைத்ததற்கு வஞ்சகம் இல்லாமல் பேசுவாள். அவளும் இந்தச் சமூக அறிவியலில்தான் முப்பத்தொன்று எடுத்துக் கவிழ்ந்தாள், மற்ற நாலும் பாஸ். அப்புறம் எழுதவே மாட்டேன் என்று சொல்லிவிட்டு ஜவுளிக்கடையில் சுடிதார் பக்கம் போய் நின்றுவிட்டாள். "இந்தச் சனியன்தாளா என்னையக் கவுத்துச்சு. ஒனக்கு வாசிச்சுக் காட்டியாவது அதப் பழிவாங்குதேன்." நாளைக்குக் காலையில் பத்து மணிக்கு அந்தச் சனியனோடு எனக்கு. கடைசிப் பரீட்சை. பாஸானால் அதே பள்ளிக்கூடத்தில் பதினொன்று. இல்லாவிட்டால் இந்த வீடு, இந்தத் தரை, அம்மாவோடு உட்கார்ந்து நூல் சுற்றுவது. ஐந்தரை பஸ்ஸுக்கு அப்பா கூட்டிக்கொண்டு போய் விடுதியில் விடுவார். இப்போது மணி இரண்டே கால் என்று போன் சொல்கிறது. தெருவில் வீட்டுக்கு வீடு தறி ஓடுகிறது, அந்தச் சத்தத்தில் வளர்ந்த எங்களுக்கு அது சத்தமே இல்லை. ஆஸ்திரியா.

ஆஸ்திரேலியாவைக்கூடத் திருத்திவிடலாம், ஒரு சொல்தானே. மற்றதை எப்படித் திருத்த? அரையாண்டுப் பரீட்சையில் நடந்ததை நினைத்தால் இப்போதும் காது மடல் சூடாகிறது. தனபால் சார் என்று ஒருவர் எழுத வந்திருந்தார், நல்ல மனுசர், சொல்வதை மட்டும்தான் எழுத வேண்டும், கூடக் குறையப் பேசக்கூடாது என்று அவர்களுக்குச் சட்டம், அதை அவர் கோயில் விரதம் மாதிரி கடைப்பிடிப்பார். மாநில அரசு பற்றி எட்டு மார்க் கேள்வி. ஆளுநரின் அதிகாரங்கள். எனக்கு அது தண்ணீர் பட்ட பாடு. கடகடவென்று சொல்லிக்கொண்டு போகிறேன், சட்டமன்றத்தைக் கூட்டுவார், ஒத்திவைப்பார், கலைப்பார், பண மசோதாவுக்கு முன் அனுமதி தருவார், எம்மா அடுப்புல என்னமோ தீயுது, மன்னிப்பு வழங்கும் அதிகாரமும் அவருக்கு உண்டு. சாருடைய பேனா நின்றது. நான் அடுத்ததைச் சொல்லப் போய்விட்டேன், பேனா வராதது கேட்டுத்தான் நானும் நின்றேன். "இசக்கியம்மா," என்றார் மெதுவாக, "அடுப்புல தீயுதுன்னு எழுதணுமா?" அப்போதுதான் எனக்கு உறைத்தது. அக்கா அந்தப் பாடத்தை வாசித்தது காலையில், அம்மா கொல்லையில் துணி துவைத்தாள், அடுப்பில் குழம்பு, அக்கா வாசிப்பை நிறுத்தாமல் அதே மூச்சில் கத்திவிட்டு அதே மூச்சில் ஆளுநருக்குத் திரும்பிவிட்டாள். நான் அதை முப்பது தடவை கேட்டு முப்பது தடவையும் அந்தத் தீய்ந்த குழம்போடு சேர்த்துத்தான் மனதில் ஏற்றியிருக்கிறேன். அக்கா போய் நாற்பது நாள்கூட ஆகவில்லை அப்போது. பரீட்சை ஹாலில் என் வாயிலிருந்து அவள் கத்துகிறாள், அவளுடைய இழுப்போடு, அவளுடைய அவசரத்தோடு. சிரித்தேனா அழுதேனா என்று தெரியவில்லை, சார் தண்ணீர் வாங்கிக் கொடுத்தார், எட்டு மார்க்கில் ஆறு போட்டிருந்தார்கள். அன்றையிலிருந்து எனக்குப் பயம். பதிலுக்குள் அக்கா இருக்கிறாள். அவளைத் தள்ளிவிட்டுப் பதிலை மட்டும் எடுக்கத் தெரியவில்லை. நாளைக்கு எந்தக் கேள்வியில், எந்த வரியில் அவள் வாயைத் திறப்பாள் என்று எனக்கே தெரியாது. கருப்பு மண்ணில் பருத்தி விளையும் என்று சொல்லப் போய், ஏ கோட்டிக்காரி, கொட்டாவி விடாமக் கேளு என்று சொல்லிவிடுவேனோ. வரியின் வகைகள் என்றால் மிக்சி ஓடும். பக்கத்துப் பிள்ளைகள் கோடு போட்டுப் படிக்கிறார்கள் இல்லையா, எனக்குக் கோடு தெரியாது என்று முக்கியமான வரி வந்தால் அக்கா தரையில் இரண்டு தட்டுத் தட்டுவாள், மோதிரம் போட்ட விரலால், டக் டக். கேபினட் தூதுக்குழு டக் டக். சாரிடம் சொல்லும்போது என் விரல் தானாக மேஜையைத் தட்டியது, கண்காணிப்பாளர் அம்மா வந்து என்ன சிக்னல் என்று விசாரித்துவிட்டுப் போனார்கள்.

பதினாறு பாடம் அனுப்பினாள். பதினைந்தைக் கரைத்துக் குடித்தாயிற்று. பதினாறாவதை இன்றுவரை கேட்கவில்லை. காலநிலை. இந்தியாவின் காலநிலையும் இயற்கைத் தாவரங்களும். ஜெபக்கனி கேட்கும்போதெல்லாம் "அத சாய்ஸ்ல விட்டாச்சு" என்று சொல்வேன். பிள்ளைகள் எல்லாரும் ஏதாவது ஒன்றைச் சாய்ஸில் விடுகிறவர்கள்தான், பத்துக் கேள்வியில் ஏழு எழுதினால் போதும் என்றால் மூன்று கேள்விக்குரிய பாடத்தைத் தொடவே மாட்டார்கள், கணக்கில் வடிவியலைச் சாய்ஸில் விட்டவர்கள் உண்டு, அதனால் என்னை யாரும் ஒன்றும் கேட்கவில்லை. வேறு குரல் இருக்கிறது, பள்ளிக்கூடத்துக்கென்று யாரோ ஒரு புண்ணியவதி எல்லாப் பாடத்தையும் வாசித்துக் கொடுத்திருக்கிறாள், செய்தி வாசிக்கிற மாதிரி, தும்மல் இல்லாமல், குழம்பு தீயாமல். அக்கா வாசிக்காத பாடங்களை அதில்தான் படித்தேன், ஏறத்தான் செய்தது. காலநிலையையும் அதில் கேட்டிருக்கலாம். கேட்கப் போய் இரண்டாவது நிமிடத்தில் நிறுத்திவிட்டேன், ஏதோ அக்காவுக்கு எடுத்து வைத்த சோற்றை இன்னொருத்திக்குப் போடுகிற மாதிரி இருந்தது. நவம்பர் மாதம், செவ்வாய்க்கிழமை, சாயங்காலம் ஏழு மணிக்கு வந்த பதிவு. புதன்கிழமை அவள் கடைக்குப் போகவில்லை, அலுப்பாக இருக்கிறது என்று படுத்தாளாம். வியாழக்கிழமை ஆஸ்பத்திரி. ஞாயிற்றுக்கிழமை விடிகாலையில் முடிந்துவிட்டது. டெங்கு. ரத்தத்தில் என்னவோ தட்டணு என்றார்கள், அது ஆயிரம் ஆயிரமாக இறங்கிக்கொண்டே போனது என்றார்கள். டாக்டர் அம்மாவிடம் சொன்னாராம், ரெண்டு நாள் முந்தி கொண்டாந்திருந்தா பாத்திருக்கலாம்மா என்று. துக்கம் கேட்க வந்தவர்களிடம் அம்மா அதைத் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தாள், ரெண்டு நாள் முந்தி, ரெண்டு நாள் முந்தி. நான் மூலையில் உட்கார்ந்து விரல் விட்டுப் பார்த்தேன். வியாழன், புதன், செவ்வாய். செவ்வாய்.

என் காதைப் பற்றி ஊருக்கே தெரியும். நான் பீற்றிக்கொள்கிறவள்தான், அதில் ஒளிக்க என்ன இருக்கிறது. தெருமுனையில் வரும்போதே அப்பா செருப்பைக் கண்டுபிடிப்பேன், இடது செருப்பு வார் தேய்ந்து அரைச்சத்தம் கூட வரும். வார்டன் அக்கா கோபமாக வருகிறாளா சும்மா வருகிறாளா என்று சாவிக்கொத்தை வைத்துச் சொல்வேன், பிள்ளைகள் அதற்கேற்ப ஓடும். ஜெபக்கனிக்குச் சளி பிடிப்பதற்கு முந்தின நாளே சொல்லிவிடுவேன், உன் "ம்" சரியில்லை, ராத்திரி ஆவி பிடி என்று, அவளும் கரிநாக்கு என்று திட்டிவிட்டு மறுநாள் தும்முவாள். குரலில் காய்ச்சல் கேட்கும். நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிப் பிரியும், "ல"வும் "ள"வும் ஒன்றாகிவிடும், வாக்கியத்தின் கடைசியில் மூச்சு தீர்ந்துபோகும். இதெல்லாம் எனக்குத் தெரியும். ஐந்து மாதமாக நான் சாய்ஸில் விட்டிருப்பது காலநிலையை இல்லை. அந்தப் பதிவில் காய்ச்சல் இருக்கிறதா என்பதைத்தான். இருந்தால், அன்றைக்கு ஏழு மணிக்கே திறந்து கேட்டிருந்தால், நான் அம்மாவுக்குப் போன் போட்டிருப்பேன், எம்மா அவளுக்கு மேலுக்குச் சரியில்ல, இப்பமே டாக்டர்ட்ட கூட்டிட்டுப் போ என்று. அம்மா நான் சொன்னால் கேட்பாள். இரண்டு நாள் முந்தி ஆகியிருக்கும். இல்லை என்றால், குரல் எப்போதும் போலச் சவடாலாக இருந்தால், அப்பாடா. அந்த அப்பாடாவுக்காகக் கேட்கலாம் என்று தோன்றும், விரல் போனுக்குப் போகும், போனில் இருக்கும் பெண்குரல், "குரல் செய்தி, ஐம்பத்திரண்டு நிமிடம், கேட்கப்படவில்லை" என்று சொல்லும். எந்தப் பக்கத்து ஊர்க்காரி இவள், ஒவ்வொரு எழுத்தையும் தனித்தனியாக நிறுத்தி, கேட்கப் படவில்லை, கேட்கப் படவில்லை. கையை எடுத்துவிடுவேன். ஒரு நாளைக்கு எத்தனை தடவை என்று சொன்னால் சிரிப்பார்கள். சாப்பாட்டு வரிசையில் நிற்கும்போதுகூடப் போனைத் தடவிக் கேட்டுவிட்டுத் தட்டை நீட்டியிருக்கிறேன்.

இன்றைக்கு விட்டால் இல்லை. காலையிலிருந்து அதுதான் ஓடுகிறது. நாளைக்கு மத்தியானம் பேப்பரைக் கொடுத்துவிட்டு வெளியே வந்த பிறகு காலநிலை எனக்கு எதற்கு? அதற்கப்புறம் கேட்டால் அக்கா சாகப் போகிறதைக் கேட்கிறேன், அவ்வளவுதான், வேறு பெயர் கிடையாது அதற்கு. இன்றைக்குக் கேட்டால் படிப்பு. அக்கா எனக்கு வாசித்தது படிப்பதற்கு. இன்று சாயங்காலம் பஸ் ஏறுகிற வரைக்கும்தான் அவள் இன்னும் எனக்குப் பாடம் சொல்கிறவள். மணி மூன்றேகால். அம்மா அடுத்த தெருவில் நூல் சுற்றப் போயிருக்கிறாள், அப்பா தறியில். ஐம்பத்திரண்டு நிமிடம். மூன்றேகாலும் ஐம்பத்திரண்டும் நாலு ஏழு. நேரம் இல்லை என்றுகூடச் சொல்ல முடியாது. எழுந்து போய்த் தண்ணீர் குடித்தேன், குடத்தை மூடினேன், திரும்ப வந்து பாயில் உட்கார்ந்தேன். அக்கா இந்தப் பாயில்தான், இந்தச் சுவரில்தான் சாய்ந்துகொண்டு வாசிப்பாள், செவ்வாய்க்கிழமை அவளுக்குக் கடை லீவு. விரலை வைத்தேன். கேட்கப் படவில்லை. இரண்டு தட்டுத் தட்டினால் ஓடும். தட்டினேன்.

முதலில் தறி. வெளியே ஓடும் தறியா போனில் ஓடும் தறியா என்று எனக்கே ஒரு நிமிடம் குழம்பிவிட்டது, இரண்டும் ஒன்றன்மேல் ஒன்று ஏறி, கொஞ்சம் முன்னே பின்னே, இரண்டு தெரு ஒன்றாக ஓடுகிற மாதிரி. அப்புறம் பக்கம் புரட்டும் சத்தம். அப்புறம், "ம். ஆரம்பிக்கட்டா? காலநிலை. இது பெரிய பாடம்ளா, தூங்கிராத." தெரிந்துவிட்டது. அந்த "ம்"மிலேயே தெரிந்துவிட்டது. இத்தனை மாதம் ஒரு "ம்"முக்குப் பயந்துதான் ஒளிந்துகொண்டிருந்தேனா. நாக்கு ஒட்டிப் பிரிந்தது. "காலநிலை" என்பது "காளநிளை" என்று தடித்து வந்தது. வேறு யார் கேட்டாலும் வாரம் முழுக்கக் கடையில் நின்ற அலுப்பு என்பார்கள். எனக்கு அப்படிச் சொல்லிக்கொள்ள வழி இல்லை. அப்பாடா என்று ஒன்று கிடைக்கும் என்று நினைத்தேனே, அது எங்கும் இல்லை. நிறுத்திவிடலாம், தெரிய வேண்டியது தெரிந்துவிட்டது, விரலை வைத்தேன், அவள் "மழுப்பாம ஒழுங்காக் கேளு," என்றாள், அது எல்லாப் பதிவிலும் சொல்வதுதான், ஆனாலும் கையை எடுத்துவிட்டேன். பருவக்காற்று என்பது மௌசிம் என்ற அரபுச் சொல்லிலிருந்து வந்தது, பருவம் என்று அர்த்தம். டக் டக். "மௌசிம். நல்லாருக்குல்ல? எனக்கு வச்சிருக்கலாம். பேச்சித்தாயாம் பேச்சித்தாய், கடையில பில்லு போடுத பிள்ள சிரிக்கா." இருமல். தண்ணீர் குடிக்கும் சத்தம், மடக் மடக் என்று நீளமாக, தாகம். "கடையில ஏ.சி. காத்து ஒத்துக்கிடல." தென்மேற்குப் பருவக்காற்று ஜூனில் தொடங்கும். மேற்குத் தொடர்ச்சி மலையில் மோதி அந்தப் பக்கம் கொட்டித் தீர்த்துவிடும், இந்தப் பக்கம் வரும்போது காற்றில் ஈரம் இருக்காது. டக் டக். நான் என்னை அறியாமல் படித்துக்கொண்டிருந்தேன். அதுதான் வெட்கமாக இருந்தது. அக்கா உனக்குக் காய்ச்சல், புத்தகத்தை மூடு, படு, அம்மாவைக் கூப்பிடு என்று உள்ளே ஒருத்தி கத்துகிறாள், இன்னொருத்தி அமைதியாக உட்கார்ந்து, ஜூன், கேரளா, மழை மறைவுப் பகுதி என்று ஒவ்வொன்றாக வாங்கி அடுக்கிக்கொண்டிருக்கிறாள். எட்டு மார்க்குக்குப் படிக்கிறவள் ஒருத்தி எல்லார் சாவிலும் உட்கார்ந்திருப்பாள் போல. வாக்கியக் கடைசியில் மூச்சுத் தீர்ந்து தீர்ந்து போகிறது. ஒரு பத்தியை இரண்டு தடவை வாசித்தாள், அவளுக்குத் தெரியவில்லை, நான் அதையும் அப்படியே இரண்டு தடவை மனதில் போட்டேன்.

முப்பத்தோராவது நிமிடம் இருக்கும். பாடம் முடிந்தது, காடுகளின் வகை எல்லாம் முடிந்தது. முடிந்ததும் அவள் கேள்வி கேட்பாள், எப்போதும். கேட்டுவிட்டு நான் எதிரே உட்கார்ந்திருக்கிற மாதிரி பேசாமல் இருப்பாள், பதில் சொல்ல இடம் விடுவாள், பிறகு "கரெக்ட்" என்பாள், நான் அங்கே விடுதியில் தப்பாகச் சொன்னாலும் கரெக்ட். "சரி, இப்பஞ் சொல்லு. தென்மேற்குப் பருவக்காத்து அடிக்கும்போது நம்மூருக்கு ஏன் மழ வரல?" இடம் விட்டாள். நான் வாய்விட்டுச் சொன்னேன். தமிழ்நாடு மேற்குத் தொடர்ச்சி மலைக்கு மழை மறைவுப் பக்கத்தில் இருக்கிறது, காற்று மலைக்கு அந்தப் பக்கமே மழையைக் கொட்டிவிடுகிறது, இறங்கி வரும் காற்று வறண்ட காற்று. சொல்லி முடித்தேன். கரெக்ட் வரவில்லை. காத்திருந்தேன். தறி ஓடிக்கொண்டிருந்தது. அந்த நேரம் பார்த்துக் கரண்ட் போனது. தெருவே சட்டென்று நின்றது, நூறு தறியும் ஒரே மூச்சில் நின்று, எங்கோ ஒரு நாய், சைக்கிள் மணி, அப்புறம் ஒன்றும் இல்லை. ஆனால் தறி ஓடியது. போனில் ஓடியது. இங்கே கரண்ட் போய்விட்டது, நவம்பர் மாதத்தில் போகவில்லை. அந்தத் தறிச் சத்தத்துக்கு அடியில், இத்தனை நேரம் கேட்காதது கேட்டது. மூச்சு. சின்னச் சின்னதாக, வேகமாக, மூக்கின் ஒரு பக்கம் விசிலடிக்க. கேள்வியைக் கேட்டுவிட்டு என் பதிலுக்குக் காத்திருந்தபடியே தூங்கிப்போயிருக்கிறாள். போனை நிறுத்தாமல். இன்னும் இருபது நிமிடம் பாக்கி இருந்தது. நான் போனை எடுத்துக் காதில் வைத்தேன், சூடாக இருந்தது, போன்தான், ஓடிச் சூடாகியிருக்கிறது, எனக்குத் தெரியும், ஆனாலும் கன்னத்தில் வைத்துக்கொண்டேன்.

அப்போதுதான் அந்த வார்த்தை நினைவுக்கு வந்தது. எந்தப் பதிவிலும் இல்லாத, அன்றைக்கு அவள் போனில் கேட்ட "பூராவுமா". செவ்வாய்க்கிழமை ஏழு மணிக்குப் பதிவு வந்தபோது விடுதியில் குழந்தைகள் தினத்துக்குப் பாட்டு ஒத்திகை, நான்தான் முன்பாட்டு, பாடந்தானே அப்புறம் கேட்டுக்கலாம் என்று போனைத் தலையணைக்கு அடியில் தள்ளினேன். எட்டு மணிக்கு அவளே கூப்பிட்டாள். "கேட்டியாளா?" "கேட்டேங்க்கா." "பூராவுமா?" ஏன் அப்படிக் கேட்கிறாள் என்று நினைத்தேன், ஒத்திகைக்குக் கூப்பிடுகிறார்கள், "ஆமா பூராவும், சூப்பரா இருந்துச்சு." ஒரு நிமிடம் பேசாமல் இருந்தாள். இப்போது நினைத்தால் அதிலும் இந்த மூச்சு இருந்தது. "அப்பஞ் சரி," என்றாள். நான் உண்மையிலேயே கேட்டிருந்தால் எப்படிக் கிண்டல் பண்ணியிருப்பேன், பாடம் நடத்துற டீச்சரே குறட்டை விடுறா என்று ஒரு வாரத்துக்கு ஓட்டியிருப்பேன். அதற்குத்தான் கேட்டிருக்கிறாள். நான் திட்டுவதற்கோ சிரிப்பதற்கோ காத்திருந்திருக்கிறாள். நான் சூப்பர் என்றேன். பொய் என்று அவளுக்கு அந்த நிமிடமே தெரியும். தெரிந்துகொண்டுதான் சரி என்று போனை வைத்தாள், அதுதான் நானும் அவளும் கடைசியாகப் பேசியது.

வாசலில் அம்மா. கால்மெட்டி சிமெண்டில் உரசும், வலது குதிகால் வெடிப்பு ஒரு தேய்ப்புத் தேய்க்கும். கரண்ட் இல்லை என்று நூல் சுற்றாமல் வந்துவிட்டாள். "தறி எங்கன ஓடுது?" என்று கேட்டுக்கொண்டே உள்ளே வந்தவள் நின்றுவிட்டாள். நான் போனைத் தரையில் வைத்தேன். அம்மா மெதுவாக வந்து பாயின் ஓரத்தில் உட்கார்ந்தாள், வளையலைக் கையால் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள், சத்தம் வராமல். "தூங்குதாளா?" என்றாள், குரலே இல்லாமல். "ஆமாம்மா." நாங்கள் இருவரும் கேட்டுக்கொண்டிருந்தோம். பேயைப் பார்த்தால் பயப்படுவார்கள் என்கிறார்களே, எனக்கு இந்த மூச்சு தீர்ந்துவிட்டால் என்ன செய்வது என்றுதான் பயம். நாற்பதாவது நிமிடம், நாற்பத்தைந்து, ஒரு தடவை புரண்டு படுத்தாள், ஏதோ முனகினாள். நாற்பத்தெட்டு இருக்கும். போனுக்குள் வாசற்கதவு திறந்தது. கால்மெட்டி சிமெண்டில் உரசியது. வலது குதிகால் ஒரு தேய்ப்பு. அந்தச் செவ்வாய்க்கிழமை அம்மா வேலை முடிந்து வீட்டுக்குள் வருகிறாள். பக்கத்தில் உட்கார்ந்திருந்த அம்மாவின் மூச்சு நின்றது. தூங்குகிற பிள்ளையைப் பார்த்தால் அம்மா என்ன செய்வாள் என்று எனக்குத் தெரியும், பதினாறு வருடமாக எனக்குச் செய்கிறாள், குனிந்து நெற்றியில் புறங்கையை வைப்பாள். தேய்ப்புச் சத்தம் பாய்ப் பக்கம் வந்தது. வளையல் இறங்கியது. நான் போனைத் தடவி நிறுத்தினேன்.

"முடிஞ்சிட்டா?" என்றாள் அம்மா.

"பாடம் முடிஞ்சிட்டும்மா."

அம்மா மூக்கை உறிஞ்சிக்கொண்டு எழுந்து போய்ச் சீப்பும் எண்ணெயும் எடுத்து வந்தாள். "தலையச் சீவிருவம் வா, அப்பா வந்துருவாவ." எனக்குப் பின்னால் உட்கார்ந்து வகிடு எடுத்தாள். சிக்கு எடுக்கும்போது எப்போதும் இரண்டு திட்டுத் திட்டுவாள், இன்று திட்டவில்லை. ஒரு பக்கம் பாதி பின்னியிருப்பாள்.

"அன்னைக்கு நா தொட்டுப் பாத்தேம்ளா," என்றாள்.

பின்னலை விடாமல்தான் மேலே சொன்னாள்.

"சுட்டுச்சு. நல்லாவே சுட்டுச்சு. ஒண்ணுமில்லம்மா வாரம்பூராக் கடையில நின்ன அலுப்புன்னா. கசாயம் வச்சுக் குடுத்தேன். குடிச்சிட்டா. அதோட நானும் விட்டுட்டேன்."

இரண்டு நாள் முந்தி, இரண்டு நாள் முந்தி என்று துக்க வீட்டில் அவள் சொல்லிக்கொண்டிருந்தது யாருக்கு என்று இப்போதுதான் புரிந்தது. அந்தக் கையில் இன்னும் சூடு இருக்கிறது போல, சீப்பைப் பிடித்திருந்த விரல் என் கழுத்தில் பட்டுச் சுட்டது. நானும் சொல்லிவிட வேண்டும், இப்போது விட்டால் எப்போதும் சொல்ல மாட்டேன் என்று தெரிந்தது.

"எம்மா, அவ அனுப்புனத நான் அன்னைக்குக் கேக்கவேயில்லம்மா. கேட்டுட்டேன்னு பொய் சொன்னேன். கேட்டிருந்தா எனக்குத் தெரிஞ்சிருக்கும்."

அம்மாவின் கை நின்றது. அவள் வாயைத் திறந்து ஏதோ சொன்னாள், சொல்ல ஆரம்பித்த அதே நொடியில் கரண்ட் வந்து, தெருவில் அத்தனை தறியும் ஒன்றாகக் கிளம்பிவிட்டன. எனக்குக் கேட்கவில்லை. என்னம்மா என்று கேட்கலாம், கேட்டால் திரும்பச் சொல்வாள். நான் கேட்காமல் தலையை நேராக வைத்துக்கொண்டேன். அம்மா ரிப்பனை இறுக்கி முடிந்துவிட்டு அடுத்த பக்கம் பின்னத் தொடங்கினாள்.